சனிக்கிழமை கட்டிய மாலை

எங்கள் வீட்டில் செத்தவீடு தொடங்கியபோது நான் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். அது செத்தவீடு என்று எனக்குத் தெரியாது. வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்துகொண்டே போயின. வந்தவர்கள் ஒவ்வொருவரும் என் தலையைத் தடவினார்கள், சிலர் கட்டிப் பிடித்தார்கள். இவ்வளவு பேரையும் வரவழைத்தது நான்தான் என்று மட்டும் சரியாகத் தெரிந்திருந்ததால், எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. எட்டு வயதில் பெருமை வருவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை.

ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் வீதியை ஒட்டிய ஒரு வீட்டின் பேஸ்மென்றில் அப்பாவும் நானும் குடியிருந்தோம். மேலே வீட்டுக்கார அன்ரியும் அவருடைய மகள் ரிவ்காவும் இருந்தார்கள். அவர்கள் யூதர்கள். ரிவ்காவுக்கும் என் வயதுதான். இரண்டு வீட்டையும் இணைத்த உள்படிக்கட்டின் நடுப்படி எங்களுடைய நாடு. அதற்கு மேலே அவள் அம்மாவின் ஆட்சி, கீழே என் அப்பாவின் ஆட்சி.

அப்பா நல்ல உயரம். அந்தப் பேஸ்மென்றைக் கட்டியவன் குள்ளர்களை மனத்தில் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். கூரையோடு ஓடிய குழாய்களில் முட்டாமல் இருக்க அப்பா வீட்டுக்குள் எப்போதும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே நடப்பார். பகலில் ஒரு பூக்களஞ்சியத்தில் வேலை. விற்காமல் மிஞ்சிய கார்னேஷன்களை வாளியில் போட்டுக் கொண்டுவந்து, பின்னேரங்களில் மாலை கட்டுவார். கலியாணத்துக்குக் கட்டுவார், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுக்குக் கட்டுவார், வெள்ளிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப் போவார்.

அம்மா ஊரில் இருந்தார். அம்மாவின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததால், நீங்கள் முதலில் போங்கோ, நான் பின்னால் வாறன் என்று எங்களை அனுப்பிவிட்டார். அதன்பிறகு சண்டை பெருத்து, யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஒரு இரவில் சட்டி பானையோடு இடம்பெயர்ந்தது. அம்மா எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்கு ரெலிபோனும் கிடையாது. அம்மா எப்ப வருவா என்று நான் கேட்கும்போதெல்லாம் அப்பா, பாதை திறக்கட்டும் என்பார். எந்தப் பாதை, யார் பூட்டியது என்றெல்லாம் நான் விசாரித்தால் பேச்சு மாறிவிடும். அம்மா வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பொம்மை கேட்கவில்லை, சைக்கிள் கேட்கவில்லை. அதை நினைத்தால் என்னிலேயே எனக்குப் பாவமாக இருக்கிறது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் வந்தது. அப்பா கூரைக் குழாயில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்று, ஓம், ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். ஆர் அப்பா என்று கேட்டேன். றோங் நம்பர் என்றார். தெரியாதவன் சொன்னதற்கும் ஆமாம் என்று மரியாதையாக ஓம் சொல்கிற நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு விரல் நோ. மாலை கட்ட முடியாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கோயிலுக்கும் போகவில்லை. காருக்கும் ஏதோ நோவாம். விரலில் ஒரு கட்டும் இல்லை, வீக்கமும் இல்லை, ஆனால் ஒரு மாதம் அவர் நூலைத் தொடவே இல்லை. வாளியில் வந்த பூவெல்லாம் என் கைக்கு வந்தது. அப்பா கட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு முறை தெரியும். இரண்டு காம்பை எதிரும் புதிருமாக வைத்து, நூலைச் சுற்றி, ஒரு முடிச்சு. என் முடிச்சுகள் அவருடையதைப்போல இறுகாது. தூக்கினால் இரண்டு பூ கீழே விழும். ஆனாலும் மாலை மாலைதான்.

நடுப்படியில் இருந்து நான் கட்டுவதைப் பார்த்துவிட்டு ரிவ்கா ஒருநாள், எங்களிடமும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றாள். யாரென்று கேட்டேன். சன்டல்ஃபோன் என்றாள். அவர் ஒரு வானதூதன். கால் பூமியில் நிற்குமாம், தலை வானத்துக்கும் மேலே இருக்குமாம். அவருடைய உயரத்தை ஏறிக் கடக்க ஐந்நூறு வருடம் நடக்கவேண்டுமாம். அவருக்கு ஒரே ஒரு வேலை. சனங்கள் கீழே சொல்கிற பிரார்த்தனைகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டிக் கடவுளுக்கு முடி செய்வது. முடி என்றால் மாலைபோலத்தான், தலைக்குப் போடுவது என்று கையால் வளைத்துக் காட்டினாள்.

அப்ப அவர் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாரா என்று கேட்டேன். இல்லை என்றாள் ரிவ்கா. அங்கேதான் விஷயமே இருக்கிறது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள். கடவுள் எந்த இடத்தில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாதாம். அவ்வளவு உயரமாக இருந்தும் தெரியாதாம். அதனால் கட்டி முடித்த மாலையின் மேல் கடவுளின் பெயரைச் சொல்வாராம். சொன்னவுடன் அது தானாக எழும்பி, இடத்தைத் தானே கண்டுபிடித்துப் போய், சரியான தலையில் இருந்துகொள்ளுமாம்.

உயரமான ஆள், மாலை கட்டுகிற ஆள், கூரையில் தலை முட்டுகிற ஆள். இது யாரென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா இதை ஏன் ஊருக்கெல்லாம் ஒளிக்கிறார் என்பதுதான் விளங்கவில்லை. ரிவ்காவுக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை. பாவம், அவளுடைய அப்பா கண்ணாடி போட்ட கட்டையான மனிதர், அதுவும் வேறு வீட்டில் இருந்தார்.

அதன்பிறகு என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. கடவுள் இருக்கிற இடம் தெரியாமலே மாலை போய்ச் சேரும் என்றால், அம்மா இருக்கிற இடம் தெரியாவிட்டால் என்ன? பெயர் தெரிந்தால் போதுமே. அத்தாட்சியும் என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னைப் பார்த்துக்கொள்கிற அன்ரி ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார், அப்பாவின் ஊர்க்காரி. அவர் வீட்டுச் சுவரில் கடுகடுத்த முகத்தோடு ஒரு கிழவரின் படம் தொங்கியது. படத்துக்கு மாலை, மாலைக்குக் கீழே சிவப்பு மின்குமிழ். எனக்குத் தெரிந்து மாலை போட்ட மற்றப் படங்களெல்லாம் சாமிப்படங்கள். ஆகவே இந்தக் கிழவருக்கும் யாரோ நிறைய மாலை கட்டி அனுப்பியிருக்கிறார்கள், அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று முடிவு செய்திருந்தேன். அந்த முகத்துக்கே போகுமென்றால் என் அம்மாவுக்குப் போகாதா?

மாசி மாதம் அப்பாவின் விரல் சுகமாகி, அவர் திரும்பவும் கட்டத் தொடங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும், வாளியிலிருந்த வெள்ளைப் பூவையெல்லாம் எடுத்துக்கொண்டு நடுப்படிக்குப் போனேன். ரிவ்காவை உதவிக்குக் கூப்பிட்டேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், முடிச்சுப் போடக்கூடாதாம். அடுப்பு மூட்டாதது தெரியும், ரீவி போடாதது தெரியும், முடிச்சுக்கும் தடை என்பது எனக்குப் புதிது. அப்படியென்றால் உன்னுடைய வானதூதனுக்கும் இன்றைக்கு லீவா என்று கேட்டேன். அவள் அம்மாவிடம் கேட்க மேலே ஓடினாள். திரும்பி வந்து, இதை இன்னொரு நாள் கேட்கச் சொன்னார் என்றாள்.

தனியாகவே கட்டினேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் அம்மாவின் முழுப்பெயரைச் சொன்னேன், கடைசி முடிச்சில் வரவேணும் என்றேன். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அம்மாவின் படம் இருந்தது, ஊரில் ஸ்ரூடியோவில் எடுத்தது, இலேசாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். அதற்கு மாலையைப் போட்டேன். சாமித்தட்டிலிருந்த சின்ன மின்விளக்கைக் கழற்றிவந்து படத்தின் முன்னால் கொளுவினேன். ரிவ்காவும் நானும் மாலை எழும்புமா என்று பார்த்துக்கொண்டு நின்றோம். எழும்பவில்லை. இன்றைக்கு சனிக்கிழமை, கொஞ்சம் சுணங்கும் என்று சொல்லிவிட்டு ரிவ்கா சாப்பிடப் போனாள். நான் கார்ட்டூன் போட்டேன்.

மத்தியானம் இரண்டு தெரு தள்ளியிருந்த அன்ரி எனக்குச் சோறு கொண்டு வந்தார். கதவைத் திறந்தவர் படத்தைப் பார்த்தார். ஐயோ என்று அவர் வைத்த குரலில் நான் கதிரையிலிருந்து விழப்பார்த்தேன். சோற்றுப் பெட்டியைக் கீழே வைத்ததும் தெரியாமல் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"எப்ப பிள்ளை போன் வந்தது?"

"போன் இல்லை அன்ரி. இது போனை விடக் கெதியாப் போகும்."

அவர் என்னை விலக்கிப் பிடித்து முகத்தைப் பார்த்தார். அப்பா எங்கை என்றார். வேலைக்கு என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ரெலிபோனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் கூப்பிட்ட ஆட்கள் வேறு ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஸ்காபரோவிலிருந்துகூட வந்தார்கள். ஒருவர் அப்பாவின் வேலைத்தலத்துக்குப் போன் அடித்துப் பார்த்தார். அவர் வெளிக்கிட்டுவிட்டார் என்று சொன்னார்களாம்.

இத்தனை பேர் வந்தும் என்ன நடந்தது என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைக்கு முன்னால் கதைக்காதேங்கோ என்று கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பெண்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதார்கள். அதுவும் எனக்குப் புதினமாகப் படவில்லை. கோயிலில் தீபம் காட்டும்போது இதே பெண்கள் இதே மாதிரிக் கண்ணீர் விடுவதை வெள்ளிக்கு வெள்ளி பார்த்தவள் நான். மாலை வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன்.

மேலே சத்தம் கேட்டு வீட்டுக்கார அன்ரி இறங்கி வந்தார். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். உடனே மேலே போனவர் ஒரு பாத்திரம் நிறைய முட்டைகளோடு வந்தார். முதல்நாள் பின்னேரத்திலிருந்து சூட்டில் கிடந்து பழுப்பேறிய, கோதோடு அவித்த முட்டைகள். துக்கவீட்டுக்கு அவர்கள் கொண்டுபோகிற பொருள் அதுதான் என்று யாருக்குத் தெரியும்? செத்தவீட்டுக்கு முட்டையோ என்று ஒரு பெண் மற்றவரின் காதில் சொன்னார். வீட்டுக்கார அன்ரி ஒன்றையும் கவனிக்காமல் எங்கள் ஆட்களோடு நிலத்தில் அமர்ந்துகொண்டார்.

அவருக்குப் பின்னால் வந்த ரிவ்கா என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. என் காதுக்குள், உன் அம்மா செத்துப்போய்விட்டாராமே, ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள்.

அறையைத் திரும்பிப் பார்த்தேன். அழுகிற முகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கோட்டுகள், மாலைக்குள் அம்மாவின் முகம். அந்தக் கடுகடுத்த கிழவர் செத்துப்போனவர் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நான் எழும்பி நின்று கத்தினேன்.

"அம்மா சாகேல்லை! நான்தான் மாலை கட்டினனான். அம்மா வாறதுக்குக் கட்டினனான்!"

அன்ரி என்னருகில் வந்து குனிந்தார். ஒருத்தரும் போன் பண்ணேல்லையோ என்று கேட்டார். இல்லை என்றேன். செய்தி ஒண்டும் வரேல்லையோ என்றார். இல்லை என்றேன். உனக்கு ஆரடி படத்துக்கு மாலை போடச் சொன்னது என்றார். நான் தேம்பித் தேம்பி, வானதூதன், முடிச்சு, பெயர், கிழவர் என்று எல்லாவற்றையும் குழைத்து ஒப்புவித்தேன். அவருக்கு அதில் பாதியாவது விளங்கியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் முக்கியமானது விளங்கிவிட்டது.

"கோதாரி விழுவாளே, எங்களை உயிரோடை கொண்டுபோட்டியேடி!"

என் முதுகில் ஒரு அடி வைத்தார், அடித்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேஸ்மென்ற் முழுக்கச் சிரிப்பு, கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பு. முருகா, முருகா என்று ஒரு அங்கிள் நெஞ்சைத் தடவினார். பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணி பகிரப்பட்டது. சின்னப் பிள்ளைகள் முட்டைக்குக் கை நீட்டினார்கள். இப்போது தின்னலாம், செத்தவீடு இல்லையே. வீட்டுக்கார அன்ரிக்கு யாரோ ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த, அவரும் தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டு, ரிவ்காவைக் காதில் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார்.

தகப்பன் வரமுதல் உந்த மாலையைக் கழட்டுங்கோ, மனுசன் கண்டால் நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போகும் என்று யாரோ சொன்னார்கள். அன்ரி எழும்பிப் போய் மாலையில் கை வைத்தார். அந்த நேரம் கதவு திறந்தது. சப்பாத்துக் குவியலைத் தாண்டி, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். கையில் பூவாளி.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ, ஒண்டும் இல்லை. உங்கடை மகள் செய்த வேலையைப் பாருங்கோ!"

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்கள். அப்பா சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், வாளியை மெதுவாக நிலத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பாவின் முகம் அப்படி வெளிறி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"குஞ்சு, உனக்கு ஆர் சொன்னது?"

ரிவ்கா சொன்னவள் என்றேன். வானதூதனின் இரகசியம் வெளியே வந்துவிட்டதால் கோபிக்கிறார் என்று நினைத்து, அவள் வேறு ஒருவருக்கும் சொல்லமாட்டாள் அப்பா என்றும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு ஒவ்வொரு இடமாக நின்றது. அன்ரியின் கை மாலையில் அப்படியே இருந்தது. பாதி கழன்ற மாலையிலிருந்து இரண்டு பூ விழுந்தது.

"கழட்டாதேங்கோ," என்றார் அப்பா. "இருக்கட்டும்."

"அண்ணை..." அன்ரி மாலையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தை மாசம்," என்றார்.

அம்மா இடம்பெயர்ந்து போன வழியில் செல் குண்டு பட்டு இறந்தார் என்பதும், கூடப் போனவர்கள் ஒரு வயலோரத்தில் புதைத்துவிட்டு நடந்தார்கள் என்பதும், பிறகு யாராலும் அந்த இடத்தைக் காட்ட முடியவில்லை என்பதும் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் சொல்லப்பட்டது. விரல் நோ என்று அவர் சொன்ன மாதம் துடக்கு மாதம், சாவுத் தீட்டுக் காக்கிற மாதம். செத்தவீட்டுத் துடக்கோடு சாமிக்கு மாலை கட்டக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. எனக்குத் தெரியாமல், ஊருக்கும் தெரியாமல், பொய் விரல் நோவோடு அவர் தன் மனைவிக்கான துக்கத்தைத் தனியாக அனுட்டித்திருக்கிறார். என்னைத் தாயில்லாப் பிள்ளை என்று மற்றவர்கள் பார்ப்பதை எத்தனை நாள் தள்ளிப்போட முடியுமோ அத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கிறார். அதை முடித்துவைத்தது நான் கட்டிய மாலை.

அன்று எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் திரும்பவும் அழத் தொடங்கினார்கள் என்பதும், முதலில் அழுததைப்போல் சத்தம் வைக்காமல் ஏன் அழுதார்கள் என்பதும் விளங்கவில்லை. இத்தனை பேரில் என் மாலையைக் கழற்றாதே என்று சொன்னவர் அப்பா ஒருவர்தான் என்பது மட்டும் விளங்கியது. தொழில் தெரிந்தவருக்குத்தானே அருமை தெரியும்.

அப்பா படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். விழுந்த இரண்டு பூவையும் பொறுக்கி, நான் தளர்வாக விட்ட முடிச்சை அவிழ்த்து, அவற்றை வைத்து இறுக்கிக் கட்டினார். முதல் இரண்டு தரமும் நூல் நழுவிப்போனது. நோ இன்னும் முழுக்க மாறவில்லைப் போலும் என்று நினைத்தேன். அவர் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"முடிச்சுக்கு முடிச்சு அம்மான்ரை பேர் சொன்னனான் அப்பா. இடம் தெரியாட்டியும் போய்ச் சேரும்தானே?"

"ஓம்," என்றார். "ஓம். ஓம்."

எனக்கு அது போதும். சனிக்கிழமையென்றும் பாராமல் மாலை போய்விட்டது என்று ரிவ்காவுக்குச் சொல்ல, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன்.